அளவு ஜாக்கெட்

சண்முகவடிவுக்கு மார்பில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அந்த வாரத்திலிருந்து, ஆலங்கரை மேலக் கடைத்தெருவில் அவள் புருஷன் திரவியம் டெய்லர் தைத்த ஜாக்கெட் எல்லாம், பட்டானாலும் பருத்தியானாலும், கல்யாணப் பெண்ணுக்கானாலும் பீடி சுற்றுகிற பெண்ணுக்கானாலும், ஒரு பக்கம் தட்டையாகவே வந்து விழுந்தன. வெட்டும்போது சரியாகத்தான் இருக்கும். மிஷினில் ஓடும்போதும் சரியாகத்தான் இருக்கும். இஸ்திரி போட்டு, உதறி, தூக்கிப் பிடித்தால் ஒரு பக்கம் அழகாக எழும்பி நிற்கும், மறுபக்கம் தோசைக்கல் மாதிரி சப்பென்று கிடக்கும். பிரித்துப் பார்த்தால் துணி இரண்டு பக்கமும் ஒரே அளவு. மறுபடி தைத்தால் மறுபடி தட்டை. போன தடவை இடது என்றால் இந்தத் தடவை வலது, அவ்வளவுதான் வித்தியாசம்.

திரவியம் முதலில் மிஷினைத் திட்டினார். பிறகு நூலைத் திட்டினார். பிறகு ஊசியை மாற்றினார், மோட்டாரைக் கழற்றி மாட்டினார், சுடலைமாடன் கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்து மிஷின் தலையில் பூசினார். மிஷின் சந்தோஷமாகப் பூசிக்கொண்டது, தட்டையாகவே தைத்துக் கொடுத்தது.

மனுஷனைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அவரை ரொம்ப நல்லவர் என்றோ ரொம்பக் கெட்டவர் என்றோ நினைத்துவிடுவீர்கள். ஆலங்கரையில் ஆம்பளை டெய்லர் பொம்பளை மேல் டேப் வைக்கிற வழக்கம் கிடையாது. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு சேர்த்து மஞ்சப்பையில் போட்டுக் கொடுப்பார்கள், அதற்குப் பேர் அளவு ஜாக்கெட், அதைப் பார்த்துத்தான் புதுசு தைப்பது. மற்ற டெய்லர்களாவது "கை மட்டும் அளந்துக்கிடுதேன்மா" என்று டேப்பை எடுப்பார்கள். திரவியம் அதுவும் இல்லை. டேப் தொடாத டெய்லர் என்று சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பேர். அதனாலேயே மாமியார்கள் மருமகள்களையும் தகப்பன்மார் மகள்களையும் நம்பி அனுப்பினார்கள். அளவு ஜாக்கெட்டை விரித்துப் பார்த்தே, இந்தம்மாவுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், இந்தப் பிள்ளை குனிந்தே நடக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தப் பேரை முப்பது வருஷமாகக் கட்டிக் காப்பாற்றினார். கடைக்கு "வடிவு லேடீஸ் டெய்லர்ஸ்" என்று பெண்சாதி பேரையே வைத்திருந்தார். பேர் வைத்ததோடு சரி.

வடிவுக்கு வலி வந்த நாளிலிருந்து மனுஷன் பெண்சாதி இருக்கிற பக்கம் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார். கட்டி என்று டாக்டர் சொன்னபோது ஜன்னலைப் பார்த்தார். எடுக்கணும் என்றபோது தரையைப் பார்த்தார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் காகிதத்தை நீட்டியபோது படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "கடையில ஆர்டர் கெடக்கு" என்று பஸ் ஏறிவிட்டார். கூட இருந்து பார்த்தது வடிவின் அக்கா பிரம்மசக்தி. கட்டு மாற்றும்போது பிடித்துக்கொண்டதும், ரத்தமும் நீரும் வடிகிற குழாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே கக்கூஸ் வரைக்கும் நடந்ததும் அக்காதான். திரவியம் சாயங்கால பஸ்ஸில் வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழப் பையை உள்ளே கொடுத்துவிட்டுப் போவார்.

ஊரில் கேட்டவர்களுக்கு, "கர்ப்பப்பையை எடுத்திருக்கு" என்று சொன்னார். கர்ப்பப்பை என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள், ஊரில் பாதிப் பேருக்கு எடுத்ததுதானே. மருந்து ஏற்றி வடிவுக்குத் தலைமுடி கொட்டியபோது, "திருச்செந்தூருக்கு நேந்திருந்தா, முடி இறக்கியாச்சு" என்று சொன்னார். பெங்களூரில் இருக்கிற மகன் போன் பண்ணினால், "அம்மா தூங்கிக்கிட்டிருக்கா" என்று சொன்னார். பொய் சொல்கிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தார். யாருடைய மானம் என்று மட்டும் அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் வடிவு உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைப்பாள், ஓரம் தைப்பாள். கை தோளுக்கு மேல் எழும்பாது. காலையில் சுவரைப் பார்த்து நின்று விரல்களைப் பல்லி மாதிரி மெல்ல மேலே ஏற்றவேண்டும், கூட ஒருத்தர் நின்று பார்க்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கூட நிற்க ஆள் இல்லாததால் அவள் தானாகவே ஏற்றுவாள், வலித்தால் தானாகவே இறக்குவாள். திரவியம் ஆர்டர் ஆர்டர் என்று சொல்லிக் கடையிலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். மார்கழி பிறந்த ஒரு காலையில் திரைக்குப் பின்னாலிருந்து வடிவின் சத்தம் வந்தது.

"தைப்பூசம் கழிஞ்சு அக்கா வாரேன்னிருக்கா. நான் அவ கூடப் போயிடுதேன்."

"நல்லதுதான். கொஞ்ச நாள் இருந்துட்டு வா."

"கொஞ்ச நாளுக்கு இல்ல."

திரவியத்தின் கால் மிஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டிருக்கலாம். போகாதே என்று சொல்லியிருக்கலாம். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போயாவது நின்றிருக்கலாம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அந்த மிதியில் ஓடி முடிந்த ஜாக்கெட்டும் ஒரு பக்கம் தட்டையாகத்தான் விழுந்தது.

ஊர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளாது? முதல் மாசங்களில் சண்டை போட்டார்கள். "அண்ணாச்சி, கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடும்" என்றார்கள். துணிக்கு நஷ்டம் கேட்டார்கள். அப்புறம் பொங்கல் நெருங்கிவிட்டது, வேறு டெய்லர்கள் எல்லாம் துணி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், கையில் இருக்கிறதைப் போட்டுக்கொள்வோம் என்று போட்டுக்கொண்டார்கள். முந்தானையை இழுத்துச் செருகினால் என்ன தெரியப் போகிறது? காலேஜ் பிள்ளைகள் இதுதான் இந்த வருஷத்து மாடல் என்றார்கள். வயசானவர்கள் காற்றோட்டமாக இருக்கிறது என்றார்கள். மார்கழி பாதி கழிவதற்குள் ஆலங்கரை பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெண்களில் பாதிப் பேர் ஒரு பக்கம் தட்டையாக நின்றார்கள், வெளியூர்க்காரன் ஒருத்தன் உற்றுப் பார்த்ததற்குப் பூக்காரி இசக்கியம்மாள் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு அடிக்கப் போனாள்.

அப்போதுதான் எஸ்தர் டீச்சர் வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கண்டிப்புக்காரி, சிரித்து யாரும் பார்த்ததில்லை. தைத்த ஜாக்கெட்டை விரித்துப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று திரவியம் எழுந்து நின்றார். டீச்சர், "உள்ள போய்ப் போட்டுப் பாக்கேன்" என்று திரையை விலக்கிக்கொண்டு போனாள். வெகுநேரம் வரவில்லை. உள்ளே இரண்டு பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது, பிறகு அழுகிற சத்தம், பிறகு, இது என்னடா கூத்து, சிரிக்கிற சத்தம். திரவியத்துக்கு வடிவின் சிரிப்பு மறந்தே போயிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார், ஆனாலும் திரைக்குப் பக்கத்தில் போகவில்லை.

டீச்சர் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "அண்ணாச்சி, எனக்கும் ஒரு பக்கம் கிடையாது. பள்ளிக்கூடத்துல ஒருத்தருக்கும் தெரியாது. பழைய துணியைச் சுருட்டி உள்ள வச்சுக்கிட்டு, எப்ப நழுவுமோன்னு பயந்து பயந்து இத்தனை வருஷமும் போர்டுல எழுதியிருக்கேன். பொருந்துற மாதிரி ஒரு சட்டை இன்னைக்குத்தான் போடுதேன்." கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்களை மாதிரி இருக்கிறவங்களை நெனச்சுத் தைக்க உங்களுக்குத் தோணுச்சே."

எனக்கு ஒன்றும் தெரியாது டீச்சர், அதுவாக வருகிறது என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். திரவியத்தின் வாயிலிருந்து வந்தது வேறு.

"நம்மால ஆன உதவி, டீச்சர்."

சொன்ன மாத்திரத்தில் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் கொக்கி வைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது அவருக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்றால் ஊசி டப்பாவின் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வாய் வரவில்லை. கும்பிட்ட கைக்கு முன்னால் நிற்பது அவ்வளவு சுகமாக இருந்தது, பாவி மனுஷனுக்கு.

பிறகு வந்தார்கள். ஒருத்தர் சொல்லி ஒருத்தர், ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊர், டவுன் பஸ்ஸிலும் ஆட்டோவிலும், முக்காடு போட்டுக்கொண்டும் போடாமலும் வந்தார்கள். புருஷனுக்குத் தெரியாமல் வந்தவர்கள் இருந்தார்கள், மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள், கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தி அப்பாவோடு வந்தாள். இத்தனை பேரா என்று கடைத்தெரு வாயைப் பிளந்தது. எல்லாரும் திரைக்கு உள்ளே போனார்கள், போட்டுப் பார்த்தார்கள், வடிவோடு உட்கார்ந்து பேசினார்கள், வெளியே வந்து திரவியத்தைக் கும்பிட்டார்கள். இடது வேண்டியவர்களுக்கு இடதும், வலது வேண்டியவர்களுக்கு வலதும் எப்படியோ அமைந்துபோனது. அமையாதவர்கள் மறுநாள் வந்தார்கள்.

பீடிக்கடை மாடத்தி மட்டும்தான் புருஷனோடு வந்தாள், புருஷன் பேர் சுடலை. சுடலை ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். வந்ததும் வராததுமாகக் கடையிலேயே ஆரம்பித்தான். "அண்ணாச்சி, கை மட்டும் லூசா வச்சிருங்க, என்ன? இவளுக்கு இந்தக் கை வீங்கும், காலையில கொஞ்சம், சாயங்காலம் ரொம்ப. நான்தான் நீவி விடுதேன். விரல்ல இருந்து மேல நோக்கித்தான் நீவணும், தெரியும்லா? இந்தக் கையில பிரஷர் பாக்கவும் விடமாட்டேன், ஊசி போடவும் விடமாட்டேன், போன மாசம் நர்ஸம்மாகிட்ட சண்டையே போட்டுட்டேன்."

"வாயை மூடும்வேய், கடைத்தெருவுல நின்னுக்கிட்டு," என்று மாடத்தி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவள் முகம் பூரித்துப்போயிருந்தது.

"ஏன்ட்டி, கேன்சர்தான வந்துச்சு, களவாண்டா மாட்டிக்கிட்ட?" என்றான் சுடலை. பிறகு திரவியத்தைப் பார்த்து, "நம்ம அக்காவுக்கு எப்படி இருக்கு அண்ணாச்சி, கர்ப்பப்பை எடுத்தாங்கன்னாங்களே?" என்றான்.

"தேவலை," என்று சொல்லிவிட்டுத் திரவியம் கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரி மேஜைக்குக் கீழே குனிந்தார். கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது.

வடிவு தன் விஷயத்தை அந்தப் பெண்களிடம் சொல்லியிருந்தாளா? எஸ்தர் டீச்சரிடம் மட்டும் சொல்லியிருந்தாள், வெளியே சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருந்தாள். மற்றவர்களுக்கு அவள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கொக்கி வைக்கிற டெய்லர் பெண்சாதி, அவ்வளவுதான். துண்டு எதற்கு என்றால், அதுதான் கேவலத்திலும் கேவலம். திரவியம் தைத்த ஜாக்கெட்டுகளில் ஒன்றே ஒன்று மட்டும் தட்டையாக வரவில்லை. பொங்கலுக்கென்று வடிவுக்குக் கடுகு நிறத்தில் ஒன்று தைத்தார், எப்போதும் போலப் பழைய அளவு ஜாக்கெட்டை வைத்து, ஒரு வார்த்தை அவளைக் கேட்காமல். அது இரண்டு பக்கமும் எழும்பி, அச்சில் வார்த்த மாதிரி அம்சமாக வந்தது. ஊரில் பாதிப் பேர் உடம்பைத் தானாகத் தெரிந்துகொண்ட துணிக்கு, அவள் உடம்பு மட்டும் தெரியாத மாதிரி இருந்தது. திரவியம் அதை மடித்துத் திரைக்குக் கீழாக உள்ளே தள்ளினார். அவள் எடுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. பழசானாலும் புதுசானாலும், அமுங்கிக் கிடக்கிற பக்கத்தை மறைக்கத்தான் அந்தத் துண்டு.

தை பிறந்ததும் வியாபாரிகள் சங்கத்தில் கூடிப் பேசினார்கள். இந்த மாதிரி ஒரு சேவையைச் சத்தமில்லாமல் செய்கிற மனுஷனுக்குப் பொன்னாடை போர்த்தாவிட்டால் ஊருக்கே அசிங்கம் என்றார்கள். சங்கத் தலைவர் ஜவுளிக்கடை பேச்சிமுத்து கல்யாண மண்டபத்தைச் சும்மா தருவதாகச் சொன்னார். ஆலங்கரையில் யாருக்குப் பொன்னாடை போர்த்தினாலும் பெண்சாதியையும் பக்கத்தில் நிறுத்தி ஜோடியாகத்தான் போர்த்துவது. "வடிவக்காவையும் கூட்டிட்டு வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அவளுக்கு முடியாது," என்றார் திரவியம்.

"நான் வாரேன்," என்றது திரைக்குப் பின்னாலிருந்து சத்தம்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசை முழுக்கப் பெண்கள், எல்லாரும் அவர் தைத்த ஜாக்கெட்டில், எல்லாரும் ஒரு பக்கம் தட்டையாக, முந்தானையை இழுத்து மறைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் திரவியத்தின் கழுத்தில் மாலைக்கு மேல் மாலையாகப் போட்டு, கண் வரைக்கும் பூ ஏறிவிட்டது. பேச்சிமுத்து மைக்கில், "கடவுள் டெய்லர் ரூபத்திலே வந்திருக்கார்" என்றார். கைதட்டல் கேட்டது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் வடிவு படியேறி வந்தாள்.

துண்டு போடவில்லை. தலையில் அரை விரல் அளவு முடி முளைத்திருந்தது, அதையும் மறைக்கவில்லை. கடுகு நிற ஜாக்கெட் போட்டிருந்தாள், ஒரு பக்கம் நிறைந்திருந்தது, மறுபக்கம் ஆறிப்போன பூரி மாதிரி உள்ளே அமுங்கிக் கிடந்தது. முன்வரிசையில் ஒருத்தி, "யம்மா" என்றாள். அந்த ஒரு சொல் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. கைதட்டல் அறுந்து நின்றது. மாலைகளுக்குள் புதைந்து தலையைக் குனிந்திருந்த திரவியத்துக்குக் கைதட்டல் ஏன் நின்றது என்று புரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பேச்சிமுத்து வடிவின் மேல் பொன்னாடையைப் போர்த்தி, கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"அம்மா நாலு வார்த்தை பேசணும்" என்று மைக்கையும் கொடுத்தார். பேச்சிமுத்து ஒரு வெள்ளந்தி.

வடிவு மைக்கை வாங்கிக்கொண்டாள். "எனக்குப் பேச வராது. அவுககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன்." திரவியத்தின் பக்கம் திரும்பினாள். சத்தம் உயரவில்லை, சோறு போடட்டுமா என்று கேட்கிற சத்தம்தான். "எனக்கும் ஒரு பக்கத்தை எடுத்திருக்குல்லா. எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

அட, இது ஒரு கேள்வியா என்றுதான் திரவியத்துக்கு முதலில் தோன்றியது. வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு உள்ளே ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சு ஞாபகம் வந்தது, ஆரஞ்சுப் பழம் ஞாபகம் வந்தது, பச்சைத் திரை ஞாபகம் வந்தது. அவள் எந்தக் கையால் சுவரில் ஏற்றுவாள்? சத்தம்தான் கேட்டிருக்கிறார், பார்த்ததில்லை. எந்தக் கையால் குடத்தை எடுப்பாள்? அக்கா இருந்தவரை அக்கா எடுத்தாள், அதன் பிறகு யார் எடுத்தது என்று அவருக்குத் தெரியாது. இசக்கியம்மாளுக்கு எந்தத் தோள் இறக்கம் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார். மண்டபத்தில் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள், அத்தனை பேருக்கும் தெரியும், தெரியாத ஆள் அவர் ஒருத்தர்தான்.

மூன்றாவது வரிசையிலிருந்து சுடலை, பாவம், மனசு கேட்காமல், அவர் கண்ணைப் பிடித்துத் தன் வலது நெஞ்சை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். எதிரே நிற்கிறவன் காட்டுகிறான், அவன் வலது நமக்கு இடது பக்கமாகத் தெரியும் என்கிற சின்ன விஷயம், காலமெல்லாம் ஜாக்கெட்டின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் புரட்டிப் புரட்டித் தைத்த மனுஷனுக்கு அந்த நேரத்தில் மறந்துபோனது.

"இடது," என்றார் திரவியம்.

மூன்றாவது வரிசையில் சுடலை தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வலது," என்றாள் வடிவு. மைக்கைப் பேச்சிமுத்துவிடம் கொடுத்தாள்.

திரவியம் மாலைகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஒன்றில் ஒன்று சிக்கிக்கொண்டு வரவில்லை. கழற்றிக்கொண்டே, மைக் இல்லாமலே, சொன்னார். "நான் ஒண்ணும் செய்யலை. யாரையும் நெனச்சும் தைக்கலை. அதுவா வந்துச்சு, நான் தச்சேன்னு சொல்லிக்கிட்டேன். இவளுக்கு என்ன ஏதுன்னு ஒரு நாள் கேட்டதில்ல. கர்ப்பப்பைன்னு சொன்னது பொய். முடி இறக்குனதுன்னு சொன்னது பொய். எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவளுக்கு வந்ததை எனக்கு வந்த வெக்கமா நெனச்சுக்கிட்டேன்."

யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பை எறிந்திருந்தால் அதைவிட நன்றாக இருந்திருக்கும். பெண்கள் எல்லாரும் எழுந்து மேடை ஏறி வடிவைச் சுற்றி நின்றுகொண்டார்கள், அவர் வெளியே நின்றார். பேச்சிமுத்து வேறு வழி தெரியாமல், "சாப்பாடு ரெடி" என்று மைக்கில் சொன்னார். பந்தியில் யாரோ அவரையும் உட்கார்த்தி வைத்தார்கள். பாயாசம் ஊற்றிய பையன், "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மாமா" என்று கேட்டான். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வடிவு" என்றார். "நாளைக்குக் காலையில உனக்கு அளவு எடுக்கட்டுமா?"

"போறவளுக்கு எதுக்கு ஜாக்கெட்?"

"போறதுன்னாலும் பொருந்துற சட்டை போட்டுக்கிட்டுப் போ."

போகாதே என்று சொல்ல அவருக்கு நாக்கு கூசியது. எந்த உரிமையில் சொல்வது?

மறுநாள் வெயில் ஏறியபோது வடிவு தானே திரையை விலக்கினாள். "உள்ள வாங்க. கண்ணை மூடாம எடுக்கிறதா இருந்தா எடுங்க."

எடுத்தார். டேப் தொடாத டெய்லர் முதல் முதலாக ஒரு பெண்ணின் மேல் டேப் வைத்தார், கட்டின பெண்சாதி மேல். நெஞ்செலும்பிலிருந்து கக்கம் வரைக்கும் தழும்பு நீளமாக ஓடியது, கரண்ட் வைத்த இடத்தில், கதிர் சிகிச்சையை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது, வலது கை இடது கையைவிடத் தடித்திருந்தது. இவ்வளவுதான். இதற்காகவா இத்தனை மாதம் திரைக்கு வெளியே ஒளிந்துகொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"வலிக்குதா?" என்றார்.

வடிவு அவர் முகத்தையே பார்த்தாள். "இதைக் கேக்க வாய் வந்துட்டா உங்களுக்கு?"

அவர் அழுதார். அழுகையை மறைக்கக் கை இரண்டையும் தூக்க முடியவில்லை, டேப்பின் ஒரு நுனி அவள் தோளிலும் மறு நுனி அவள் இடுப்பிலும் இருந்தது.

"அழுறதை அப்புறம் அழுங்க. டேப் வழுக்குது," என்றாள் வடிவு.

அந்த ஜாக்கெட்டை அவர் மூன்று மணி நேரம் வெட்டினார். வலது பக்கம் தட்டையாக, கை தளர்வாக, கொக்கி முன்பக்கம், ஒரு கையாலேயே போடுகிற மாதிரி. தன் ஆயுசில் இப்படிக் கவனமாகத் தைத்ததில்லை என்று நினைத்தார். போட்டுப் பார்த்தாள். கக்கத்தில் பிடித்தது. பிரித்தார். மறுநாள் தழும்பின் மேல் தையல் உறுத்தியது. பிரித்தார். சாயங்காலம் கை வீங்குவதை மறந்து காலை அளவில் தைத்திருந்தார். பிரித்தார். இந்தத் தட்டைக் கூத்துக்கு முன்னால் முப்பது வருஷத்தில் ஒரு ஜாக்கெட் திரும்பி வராத டெய்லருக்கு ஒரே ஜாக்கெட் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தது. வீக்கம் எப்போது ஏறுகிறது எப்போது இறங்குகிறது என்று தெரிந்தால்தானே கை அளவு வைக்க முடியும்? அதனால் சுடலையிடம் போய் நீவக் கற்றுக்கொண்டார். கை எவ்வளவு தூக்க வருகிறது என்று தெரிந்தால்தானே கக்கம் வெட்ட முடியும்? அதனால் காலையில் சுவர் பக்கத்தில் நின்றார், அவள் விரல் ஏற ஏற அவர் பார்த்தார், வலித்தால் "போதும்" என்றார், "நீங்க பேசாம நில்லுங்க" என்று திட்டு வாங்கினார். குடம் எடுத்தார். அவள் பாவாடையையும் ஜாக்கெட்டையும் துவைத்துத் தெருப் பக்கக் கொடியிலேயே காயப்போட்டார், பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று.

கடையில் மற்ற ஜாக்கெட்டுகள் அந்த வாரத்திலிருந்து சொன்னபடி வர ஆரம்பித்தன. ஒரு பக்கம் தட்டையாக வேண்டியவர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், இனிமேல் வாயைத் திறந்து சொல்லவேண்டும். சொன்னார்கள். அவர்களுக்கு அளவு எடுக்க வடிவு உட்கார்ந்தாள்.

திரவியமும் சொன்னார். டீக்கடையில், பால்காரனிடம், அரிசிக் கடையில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "கர்ப்பப்பை இல்லை, மார்புல கட்டி, வலது பக்கம்" என்று சொன்னார். ஒவ்வொரு தடவையும் காது மடல் சுட்டது. மகனிடம் போனில் சொன்னபோது, "நான் பிள்ளை இல்லையாப்பா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அவன் அழுதான். அவர் போனை வடிவிடம் கொடுத்தார்.

தைப்பூசம் கழிந்த மறுநாள் பிரம்மசக்தி வந்து இறங்கினாள். ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள், உள்ளே வந்து திரவியத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் தங்கச்சியிடம் போனாள். அவள் அப்படிப் பார்க்காதது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு திரவியம் கையில் ஜாக்கெட்டை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, பெட்டியெல்லாம் அப்படியே கெடக்கு? கிளம்பலையா?"

வடிவு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். விரல் தோளைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அதை இறக்காமலே சொன்னாள்.

"ஜாக்கெட் இன்னும் ஆகலைக்கா."

"ஒரு ஜாக்கெட்டுக்கா நிக்க? எப்ப ஆகுமாம்?"

"டெய்லர்கிட்டக் கேளு."

பிரம்மசக்தி இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். வெள்ளிக்கிழமை என்று சொன்னால் வெள்ளிக்கிழமை கொடுத்தே பழகிய மனுஷன் அவர். பிரித்த நூல் கையெல்லாம் ஒட்டியிருக்க எழுந்து நின்றார். அவள் கண்ணைப் பார்க்கக் கூசியது, ஆனாலும் பார்த்தார்.

"தெரியலை மைனி," என்றார். "எனக்கு இன்னும் சரியா அளவு தெரியலை."

பிரம்மசக்தி கொஞ்ச நேரம் அவரையும் அவர் கையில் கிடந்த துணியையும் பார்த்தாள். பிறகு வெளியே போய் ஆட்டோக்காரனுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டு வந்தாள்.